கடதாசி வரும்வரை

பிரேக்கில் எண்ணெய் கசிகிறது.
ஒரு சொட்டு. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
மறுகா ஒரு சொட்டு.
வலது சக்கரத்தடியில் பால்மாப் பேணியொன்றை வைத்திருக்கிறேன்.
பன்னிரண்டு பேர் ஏறும் வாடகை விமானம்
கறக்கவிட்ட மாடுமாதிரி நிற்கிறது.

வேண்டியது ஒரு ரப்பர் வளையம்,
பிறந்த பிள்ளைக்குப் போடும் காப்பைவிடச் சின்னது.
இரத்மலானைக் களஞ்சியத்தில் இருக்கிறதாம்.
மட்டக்களப்பில் இருப்பது ஒரு ஜாக்கி,
பாதி நைதரசன் சிலிண்டர்,
அடுத்த கிழமை சோதனைத் திகதி முடிகிற முறுக்குச்சாவி,
நான், ஹில்மியின் ஓட்டோ.

‘தேவைப்படும்போது உதவி’ என்று
ஒப்பந்தத்தில் ஒரே வரி.
தேவை எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் படும்.

வாவிக்காற்று
ஆணி ஆணியாய் நக்கிப் பார்க்கிறது இந்த இயந்திரத்தை.
இரவில் கழுவ உப்பில்லாத தண்ணீர் வேண்டுமென்று
மூன்றுமுறை எழுதிக் கேட்டேன்.
‘அங்கே தண்ணீருக்கா பஞ்சம்?’
என்று பதில் வந்தது.

பாசிக்குடாவிலிருந்து வந்த ஆறு பேர்
பெட்டிகள்மேல் குந்தியிருந்தார்கள்.
ஒருவர் தன் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டினார்,
நான் பழுதாக்கியதுபோல.
பின்னேரம் வான் பிடித்துப் போனார்கள்.

வளையம் இரவு பஸ்ஸில் வந்தது.
விடிய நாலரைக்குக் கண்டக்டரிடமிருந்து
ஹில்மி வாங்கிவந்த மாலுபாண் பைக்குள்
வளையம் இருந்தது.
கடதாசி இல்லை.

மனேஜர் போனில் கத்தினார்:
‘கோகுலவாணி, அதே சாமான்தானே,
பார்த்தால் தெரியாதா?’

தெரியும்.
பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டபோது
அப்பாவைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும்
அவர் அவர்தானென்று.
கேட்டது கடதாசியை.
சேர்ட் பையை, காற்சட்டைப் பையை,
திரும்பவும் சேர்ட் பையைத் தடவின அந்தக் கை
இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தக் கேள்வியை வெறுத்து வளர்ந்தவள்
இப்போது டோர்ச் அடித்து
ஒரு ரப்பர் துண்டிடம் கேட்கிறேன்:
எங்கே பிறந்தாய்? எந்தத் தொகுதி?
உனக்குக் கையெழுத்து வைத்தது யார்?

வித்தியாசம் இருக்கிறது.
ஆறு பேர் வானத்தில் இருப்பார்கள், அது ஒன்று.
மற்றதை
விடிய நாலரைக்குச் சொல்ல வரவில்லை.

‘ஏலாது சேர்’ என்று மட்டும் சொன்னேன்.

கடதாசி அடுத்த பஸ்ஸில்.
ஹில்மி மாலுபாணில் பாதியைத் தந்துவிட்டுப்
பேணியைக் கொண்டுபோய் ஊற்றி,
துடைத்து,
திரும்ப அதே இடத்தில் வைக்கிறான்.