இலைச்சூடு

சோலூர்மட்டம் தாண்டி மூன்றாவது வளைவில்
வண்டி நின்றுவிட்டது.
டீசல் பம்ப். ஆள் வர விடியும்.
பின்னால் நாற்பத்தொரு மூட்டை பச்சைக்கொழுந்து,
கட்டபெட்டு ஃபேக்டரிக்கு
ஒன்பது மணிக்குள் போயிருக்க வேண்டியது.

புல்லில் உறைபனி
பொடியுப்பாக ஏறிக்கொண்டிருக்கிறது.
கிளீனர் ஜோகி தார்ப்பாயைத் தூக்கி
ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டான்.
“அண்ணா, உள்ள அடுப்பு இருக்கு.”

இருக்கும்.
பறித்தது இலைக்குத் தெரியாது.
காம்பு அறுந்த சேதி
செல் வரைக்கும் போய்ச் சேரவில்லை.
வெயிலைப் பிடித்துக் கட்டிவைத்த சர்க்கரையை
வழக்கம்போல் ராத்திரிச் செலவுக்கு எடுக்கிறது,
விடிந்தால் வெயில் வரும் என்று.

தாவரவியல் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன் நான்.
பதினாறு மார்க் கேள்வியில் விட்டுவிட்டு வந்த விடை
இந்தக் குளிரில் தேடிவருகிறது.

டேஷ்போர்டில் கடைசி குளுக்கோஸ் பிஸ்கட்.
பாதியாக உடைத்தேன்.
ஆறு கரியணு, மூன்று மூன்றாக.
உடைக்கவே முதலில் இரண்டு காசு கைவிட்டுப் போகும்,
அப்புறம்தான் நாலு வரும்.
காற்றில்லாத இடத்தில் அந்த இரண்டு லாபத்தோடு சரி;
வண்டியை ஓரங்கட்டத் தள்ளியபோது
நம் தொடை அப்படித்தான் பிழைத்தது.
காற்று இருந்தால் உள்ளறைக்குப் போகும்.
அங்கே ஒரு ராட்டினம்,
சுற்றச் சுற்றக் கொஞ்சம் மூச்சு வெளியே.
எலக்ட்ரான்கள் படியிறங்கி வர
கடைசிப் படியில் ஆக்சிஜன் நின்று வாங்கித்
தண்ணீராக்கித் தரும்.
ஒரேயடியாக எரிந்தால் தீ.
படிப்படியாக எரிந்தால் ஜோகி.

அவன் சிரிக்கவில்லை.
பல் தந்தியடிக்கிறது.
“நடுங்குடா, நல்லா நடுங்கு.
தசை சும்மா உதறுவதில்லை.”
எங்கள் வாயிலிருந்தும் மூட்டையின் வாயிலிருந்தும்
ஒரே ஆவி.

ஆனால் சூடு ஏறினால் கொழுந்து சிவந்துபோகும்,
ஃபேக்டரியில் எடுக்கமாட்டார்கள்.
விறைத்த விரலால் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து
உதறி, பனிக்காற்றை உள்ளே விட்டேன்.
நாற்பது மூட்டை.
ஒன்றை அவிழ்க்கவில்லை.
அதில் ஜோகியின் இரண்டு கையும் தூங்கிக்கொண்டிருந்தன.

காலையில் தராசடியில்
சீட்டைவிடப் பத்தொன்பது கிலோ குறைந்தது.
கணக்குப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
எங்கேயும் இறக்கவில்லை சார்,
ஈரமாகக் கொஞ்சம் போயிருக்கும்,
மூச்சாகக் கொஞ்சம்.
அவர் அதை எழுத
நோட்டில் கட்டம் இல்லை.
சிவந்த மூட்டைக்குத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

ஜோகி உள்ளங்கையை முகர்ந்தபடி வந்தான்.
ஆப்பிள் வாசம் அடிக்கிறது என்றான்.