மேசை ஆறு

மொன்றியலில் பெப்ரவரி, வியாழன் இரவு.
பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு.
கதவைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து
ஒரு நிமிஷம் குருடாய் நின்றார் குகநேசன்.
கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.
பதினெட்டு வருஷக் கலியாணத்தில்
இப்படி அவரை நடத்த எனக்கு வாய்ப்பது
பனிக்காலத்தில் மட்டும்தான்.

பன்னிரண்டு மேசை. இருபத்தெட்டுக் கதிரை.
எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.
நாலு வருஷமாய் இந்தக் கடையின் கணக்கு
என் மடியில்தான் கிடக்கிறது.
மணம்தான் தெரியாது.
பேரேட்டில் வெண்ணெய்க்கு மணமில்லை,
மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் டொலர், அவ்வளவுதான்.
இன்றைக்கு அது மூக்கில் ஏறி நெஞ்சில் இறங்கி
நான்தான் அது என்றது.

"சூப் பதினாறு டொலரோ?"
மெனுவைத் தள்ளிப் பிடித்துக் கேட்கிறார்,
பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கிற தமிழில்.
"வெங்காயத்துக்கு, வத்சலா! வெங்காயத்துக்கு!"

நான் வாய் திறக்கவில்லை.
பதினாறில் வெங்காயம் எழுபது சதம்.
பாண், சீஸ், எலும்புச் சாறு இரண்டு முப்பது.
வாடகை மூன்றே முக்கால், சம்பளம் ஐந்தரை.
காப்புறுதி, மின்சாரம், வாங்கின கடனுக்கு வட்டி,
கடனட்டைக் கம்பனி கிள்ளுகிற கிள்ளு,
கைதவறி உடைந்த வைன் கிளாசுகள்,
எல்லாம் போக
ஒடெட்டின் கையில் பதினொரு சதம்.
அதுவும் நல்ல மாதத்தில்.
இது நல்ல மாதமில்லை.

சூப் வந்தது.
மண்ணிறக் கிண்ணம், மேலே சீஸ் ஓடு, ஓரமெல்லாம் கருகல்.
கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்,
பூட்டிய வீட்டைத் தட்டுகிறவர் மாதிரி.
உடைந்தது.
அதன் பிறகு விலை பேசவில்லை.
பாண் துண்டால் கிண்ணத்தின் அடியைச்
சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

ஒடெட் வந்தாள். அறுபத்திரண்டு வயது, மாவுக் கை.
கன்னத்துக்கு ஒன்றாய் எனக்கு இரண்டு முத்தம்.
அவருக்கும்.
இரண்டாவது இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது,
மூக்கு இடித்துக்கொண்டது.

போன செவ்வாய் தொலைபேசியில்
ஏப்ரல் என்ற சொல்லை அவளுக்குச் சொன்னவள் நான்.
ஏப்ரலுக்கு மேல் தாங்காது என்று,
அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சில்,
காலம் பிழைத்துத்
'தாங்கவில்லை' என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
அவள் திருத்தவில்லை.
கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு,
"நாலு வருஷமாய் என் பசியைக் கூட்டிக் கழிக்கிறாய்.
ஒருநாள் உன் பசியோடு வா" என்றாள்.

குகநேசனுக்கு இதொன்றும் தெரியாது.
"அடுத்த கலியாண நாளுக்கும் இங்கேயே வருவம்" என்கிறார்,
வாத்துக் கால் கையில்,
கத்தியும் முள்ளும் எப்போதோ மேசைக்குப் போய்விட்டன.
தூரத்தில் இருந்து ஒடெட் பார்த்தாள்,
அப்படித்தான் என்று தலையாட்டினாள்.

கேட்காத ஒன்று கடைசியில் வந்தது:
எரித்த சீனி மூடிய கஸ்ரட், இரண்டு கரண்டியோடு.
பில்லில் அதற்கு நேரே பூச்சியம்.
முட்டை, பாலாடை, வனிலா, நாலு டொலர் இருபது,
என் தலை தன்பாட்டில் கூட்டிவிட்டது.
இதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது?
விளம்பரம்? சேதாரம்?

மார்ச்சில் பற்றுச்சீட்டெல்லாம்
சப்பாத்துப் பெட்டியில் வந்து சேரும்,
வழக்கம்போல் எண்ணெய்க் கறையோடு, தேதி குழம்பி.
அடியில் எங்கேயோ இந்த இரவும் கிடக்கும்:
மேசை ஆறு. சூப் இரண்டு. வாத்து ஒன்று. மீன் ஒன்று.
கஸ்ரட், பூச்சியம்.

பஸ் தரிப்பில் கால் மாற்றி மாற்றி நின்றபடி
குகநேசன் சொல்கிறார்:
"வெங்காயம்தானே. வீட்டில செய்து பாப்பம்.
எவ்வளவு நேரம் வதக்கிறதெண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை.
ஏப்ரலுக்கு முன்னம் கேட்டுவைக்க வேண்டும்.