அளவுகோலுக்கு ஏழடி

டிசம்பர் ஒன்பது. இன்னும் வரவில்லை.
அளவுகோல் மணலில் நிற்கிறது,
தண்ணீரைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல்.

இந்தப் பள்ளத்தாக்கில் மழையைப் பார்த்தவர் இல்லை.
எப்போதாவது பனி தூவும்; காற்று தின்றுவிடும்.
எங்கள் சிறுநீரைக்கூடப் புட்டியில் அடைத்து
ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்புகிறோம்.
இந்த மண்ணுக்கு அவ்வளவு மடி.

தமாட்டி பதினொன்று என்கிறான்.
நான் பத்து.
தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவவேண்டும்,
அதுவும் இரண்டு கோப்பைத் தண்ணீரில்.

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்.
ஊரில்லா ஆற்றுக்கு?
படித்துறை இல்லை, பாலம் இல்லை,
ஒரு மீன் இல்லை, யாருடைய சாம்பலும் இல்லை.
மூலத்தைத் தேடி அலையவும் வேண்டாம்:
அதோ, பனியாற்றின் முகத்தில்
ஒழுகும் மூக்கு.

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
உள்ளே, மேற்கே போகிற ஆறு.
அதே வழியில் எப்போதோ ஒரு சீல்
தவழ்ந்து வந்திருக்கிறது.
கருவாடாய்க் காய்ந்து, பல் தெரிய,
இன்னும் மேற்கே பார்த்துக் கிடக்கிறது.
நாங்கள் அதைச் சுற்றித்தான் போவோம்.

பத்தாம் தேதி மாலை ஆறேமுக்கால்
(மாலை கடிகாரத்தில் மட்டும்)
தலை தெரிந்தது.
அழுக்கு நுரையைத் தள்ளிக்கொண்டு
ஒரு நாக்கு.
மணல் குடிக்கக் குடிக்க
நின்று, நிரம்பி, மறுபடி ஓரடி.
ஒட்டாகோவில் அப்பாவின் பண்ணையில்
குட்டியைக் காட்டிக்கொண்டே பின்னால் நடப்பேன்,
தாயாடு தொழுவத்துக்கு வரும்.
இங்கே காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.
ஆனாலும் பின்னால் நடந்தேன்.
கருகிய காகிதமாய்க் கிடந்த பாசி
நனைந்த இடமெல்லாம் மெல்லத் தடித்தது.

அளவுகோலுக்கு ஏழடி.
மேகம் வந்தது.
மேலே பனியாற்றில் நிழல் விழ,
இங்கே நாக்கு நின்றது.
ஓரத்தில் கண்ணாடி கட்டியது.

ரேடியோவில் கேட்டார்கள்:
"ஐல்சா, வந்துவிட்டதா?"
ஏழடி, என்றேன்.
"ஏழடி கணக்கில் வராதே."
தமாட்டி சிரிக்கவில்லை.
பாத்திரத் துணியை மடித்து
என் தூக்கப்பைமேல் வைத்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்.
ஆற்றையே அளக்க வந்தவள்
பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

இருட்டாத இரவு, மணி மூன்றரை.
காற்று நின்றிருந்தது. குடில் முனகவில்லை.
ஆனால் ஒரு சத்தம்:
அடுத்த அறையில் யாரோ
பாத்திரம் கழுவுகிறார்கள்.

அடுத்த அறை என்று ஒன்று இல்லை.

காலுறையோடு ஓடினேன்.
அளவுகோலில் இரண்டு சென்டிமீட்டர்,
அதைச் சுற்றி ஒரு சின்ன மடிப்பு,
அவ்வளவுதான்,
அப்புறம் மேற்கே.

பென்சில் எடுக்கத் திரும்பி வந்தேன்.
தமாட்டி கண்ணை இறுக்க மூடி
தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.