வரவில்லை

செவ்வாய்க்கிழமை
ஒட்டுசுட்டான் கிளினிக்கில்
ஏழரைக்கு நம்பர் துண்டு கொடுப்போம்.
பத்தரைக்கு எல்லாம் முடிந்துவிடும்.
மிச்சப் பெயர்களுக்கு நேரே
சிவப்புப் பேனையால் எழுதுவேன்:
வரவில்லை.

ஒன்பது வருசம் எழுதினேன்.
மேற்பார்வைக்கு வந்த மிஸ் ஒருத்தி
கையெழுத்து அழகென்று சொல்லிவிட்டுப் போனா.

வைகாசியில் என் ஸ்கூட்டர் படுத்தது.
சாமான் வவுனியாவிலிருந்து வரவேணும் என்று
கராஜில் சில்வஸ்டர் கையை விரித்தான்.
முத்தையன்கட்டு இடதுகரையில்
வீடு வீடாய்ப் போய் இருட்டிவிட்டது.
தெரிந்த வீட்டில் படுத்தெழும்பி
விடிய பஸ்ஸுக்கு நின்றேன்.

எனக்கு முன்னமே அங்கே அழகாயி நின்றாள்,
இடுப்பில் பத்து மாதப் பிள்ளை.
தகப்பன் எழுபத்தேழில் மலையிலிருந்து ஓடிவந்தவர்.
இருக்கிற காணிக்கு உறுதி இன்னும் இல்லை.
உறுதி இல்லாத வீட்டுக்கு இலக்கமும் இல்லை.
எங்கள் வரைபடத்தில் அந்த ஒழுங்கையில்
ஒரு பாலைமரம் மட்டும் கீறியிருக்கும்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் தயாபரி.
இடுப்புக்குக் கீழே செல் துண்டு நிறுத்திவிட்டது.
இடுப்புக்கு மேலே ஐந்து மாதம்.

எட்டு மணி பஸ் பத்து மணிக்கு வந்தது.
"இதை எங்க வைக்கிறது?"
கொண்டக்டர் நாற்காலியைத்தான் கேட்டான்.
அவளைப் பார்த்துக் கேட்கவில்லை.
"நீங்க போங்கோ மிஸ்,
போன மாசமும் இப்பிடித்தான்."
போன மாசம்
அவள் பெயருக்கு நேரே நான் எழுதியது
எனக்கு ஞாபகம் இருந்தது.

நான் ஏறினேன். அதையும் எழுதத்தான் வேணும்.
ஏறினேன்.

பத்தே முக்காலுக்குக் கிளினிக் வாசல்.
உள்ளே சுகிர்தமலர், தலை நிமிராமலே:
"துண்டு முடிஞ்சுது."
பிறகு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.
அழகாயி சிரிக்கவில்லை.
அந்த வசனம் அவளுக்குப் பழசு.

அன்றிரவு நீலப் பேனை எடுத்தேன்.
சிவப்புக்குக் கீழே, இடுக்கி இடுக்கி:
பஸ் வரவில்லை.
பஸ் வந்தது, ஏற்றவில்லை.
ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது.
காது கேளாதவ; வாசலில் இருந்தவதான்,
நாங்கள் மூன்று தரம் பெயரைக் கூப்பிட்டோம்.
"உனக்கெல்லாம் ஏன் பிள்ளை" என்று கேட்கப்பட்டவ.
கேட்டது யார் என்று எழுதவில்லை.
எங்களில் ஒருத்திதான்.

மாதக் கூட்டத்தில் டொக்டர் பதிவேட்டைத் திருப்பினார்.
"நிரலுக்கு வெளியில எழுதக்கூடாது."
"நிரல் காணாது, டொக்டர்."
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.

மாதத்தில் இரண்டு செவ்வாய்
இடதுகரை முன்பள்ளியில் என்று முடிவாயிற்று,
பின்னேரம், கூலி முடிந்த பிறகு.
தராசையும் திரிபோஷாவையும்
லாண்ட்மாஸ்டரில் கட்டிக்கொண்டு போனோம்.
வாசலில் சரிவுப்பாதை போட
சங்கம் இரண்டு பை சீமெந்து தந்தது.
தயாபரி முதல் ஆளாய் ஏறிப் பார்த்தாள்.
"மிஸ், இது ஏறுறதுக்கு இல்லை,
உருளுறதுக்கு."
அடுத்த நாளே உடைத்தோம்.
இந்த முறை அளவுநாடாவின் ஒரு நுனியை
அவள் பிடித்தாள்.

புரட்டாசியில் பெண்பிள்ளை,
இரண்டு கிலோ எண்ணூறு.
தராசுத் தட்டில் காலை உதைத்து
முள்ளை நிற்கவிடவில்லை.

பதிவேடு இன்னும் அதே பதிவேடு.
புதிய நிரல் கொழும்பிலிருந்து வரவேணுமாம்.
ஓரத்தில் என் நீலம் நிரம்பி
இப்போது ஒற்றைகள் ஒட்டுகிறேன்.

அழகாயியைத்தான் இரண்டு செவ்வாயாய்க் காணவில்லை.
கச்சான் பிடுங்கக் குடும்பத்தோடு போய்விட்டாளாம்.
பிள்ளைக்கு ஊசித் திகதி கடந்துவிட்டது.
ஸ்கூட்டர் திருத்தியாச்சு.
அந்தக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை;
எந்தத் தோட்டம் என்று
விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.