என்கிற

சாலிகிராமத்தில் இரவு பத்துக்கு மேல்
டப்பிங் தியேட்டர் பாதி வாடகை.
கறுப்பு வெள்ளைப் படம். லண்டன்.
அறுபத்தெட்டே நிமிடம்.
காசில்லாமல் எடுத்திருக்கிறார்கள்:
மூன்று வீட்டுக்கும் ஒரே மாடிப்படி,
துரத்தி வந்த காரே
அடுத்த தெருவில் டாக்சியாக நிற்கிறது,
செட் தீர்ந்த இடத்திலெல்லாம் பனிமூட்டம்.

ஓடுகிறவன் செய்யவில்லை.
முதல் ரீலிலேயே நமக்குத் தெரிந்துவிடும்.
கொலை விழுந்த நேரத்தில் அவன்
நனைந்த குடையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தான்.
பார்த்தவர் யாருமில்லை.

அவன் குரல் எனக்குக் கிடைக்கவில்லை.
"உங்களுக்குக் கட்டைக் குரல் சார்,
இன்ஸ்பெக்டருக்குப் பேசிடுங்க" என்றான் இர்ஃபான்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

பேசினேன்.
"உட்காரு. டீ குடிக்கிறியா?
எத்தனை மணிக்கு அங்க போனே?
சரி. மறுபடி முதல்லேர்ந்து சொல்லு."
ஒரே டேக்.
"எங்க சார் பிடிச்சீங்க இந்த மாடுலேஷனை?"

புளியந்தோப்பில்.
ஆடி மாதம்,
நகைக்கடைப் பூட்டு ஒன்று உடைந்த வாரம்.
வீட்டில் தணிகா என்று கூப்பிடுவார்கள்.
அதையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்:
தணிகாசலம் என்கிற தணிகா.
அந்த 'என்கிற' விழுந்ததும்
எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது.
பதினான்கு மாதம், காலை பத்தரைக்குக் கையெழுத்து.
பிறகு எவனோ திருவள்ளூரில் மாட்டினான்.
"இனிமே வர வேணாம்" என்றார் ரைட்டர்,
லெட்ஜரில் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டே.

கடைசிக் காட்சி. மழை.
இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றுகிறார்.
வாய் ஒரு தடவை திறந்து மூடுகிறது.
என் தாளில் எழுதியிருப்பது
"மன்னிச்சிடுங்க."
அவர் வாய் மூடின பிறகும்
எனக்கு மூன்று எழுத்து மிச்சம்.
"சாரின்னே சொல்லிடுங்க சார், லிப் உட்காரும்."
சொன்னேன். லிப் உட்கார்ந்தது,
குரல் உட்காரவில்லை.
ஏழாவது டேக். பதினொன்றாவது.
மற்ற வசனத்துக்கெல்லாம் எனக்கு ஆள் இருந்தது.
இதை யாரும் சொல்லிக் காட்டவில்லை.

ஒன்றரை மணிக்கு இர்ஃபான்
மழைச் சத்தத்தை ஏற்றிவிட்டான்.
வளசரவாக்கத்தில் அவன் வீட்டு மாடித் தகரத்தில்
போன டிசம்பரில் பிடித்த மழையாம்.
லண்டனில் அது சடசடவென்று இறங்கியது.
தொப்பி கழற்றியவர் வாயை அசைத்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

வவுச்சரில் ஆயிரத்து இருநூறு.
பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
தணிகாசலம்.
அதோடு பேனாவை
மூடிக் கொடுத்துவிட்டேன்.