ஒன்பதாம் கிழமை, எட்டாம் இலக்கம்

முதல் கிழமை முழுக்க
மிதியில் வைத்த கால் மரத்தே கிடந்தது.
விட்டாலும் நின்றுவிடும்,
விடாமல் அழுத்தினாலும் நின்றுவிடும் இந்த ட்ராம்.
இதென்ன மாப்பிள்ளை முறுக்கு என்று
தமிழில் திட்டினேன்.
பின்னால் இருந்த ரேத்தோவுக்கு
என் மூத்தவனைவிட இரண்டு வயதுதான் கூட.
அதையும் கொப்பியில் குறித்தான்.

பாசல் மழையில் தண்டவாளம் வழுக்கும்,
இலை விழுந்தால் இன்னும் மோசம்.
மார்க்ட்பிளாட்ஸ் வளைவில்
ஐஸ்கிரீமும் கைபேசியுமாய் ஒருவன்
குறுக்கே வந்த அன்று
மணியை மறந்து
"ஐயோ தம்பி" என்று கத்தினேன்.
கண்ணாடிக்கு வெளியே யாருக்குக் கேட்கும்?

இன்று செவ்வாய்.
பாலத்தில் ஏறும்போது
கீழே ரைன் ஓடுவதைக் கண்டேன்.
இத்தனை நாளும் எங்கே ஓடியதோ.
கிளாராபிளாட்ஸில் கதவுகள் திறந்தன, மூடின.
நான்தான் செய்திருக்க வேண்டும்.
மணி அடித்திருந்தது,
ஒரு சைக்கிள் ஒதுங்கியிருந்தது,
கால் தன்பாட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன்:
கொப்பியை மூடி மடியில் வைத்துவிட்டு
அப்பிள் கடித்துக்கொண்டிருந்தான் ரேத்தோ.

அந்த நறுக்கென்ற சத்தத்தில்
எனக்கும் பசித்தது,
இந்த ஆசனத்தில் ஏறிய பிறகு
முதல் தடவையாக.