கிழக்கெல்லை

தோம்பில் இதன் பெயர் ஈச்சங்கலட்டி.
தெல்லிப்பழை இறை, பதினெட்டுப் பரப்பு.
ஒல்லாந்தக் கணக்கன் எழுதிய தாளில்
பூச்சி தின்ற துளை.
அதற்கப்பால் மாளிகை எழுகிறது:
இலங்கைநாயக முதலியார், பர்மாத் தேக்கு, பதினாறு தூண்.

மகளுக்குச் சீதனம்.
மருமகன் சுருட்டுக் கப்பலில் முதலைக் கரைத்துச்
செட்டியாரிடம் ஒற்றி வைத்தான்; மீட்கவில்லை.
பிறகு ஈப்போவில் ரயில்வே பென்ஷன் எடுத்த வைத்திலிங்கம்.
பிறகு அவர் பிள்ளைகள்:
எட்டில் ஒன்று, அந்த ஒன்றில் மூன்றில் இரண்டு,
சமையற்கட்டுக்கு மட்டும் ஐந்து கையெழுத்து.

பிறகு இருபத்திரண்டு வருஷம் உறுதியே இல்லை.
முகாம் உறுதி முடிப்பதில்லை.
போகும்போது தேக்கை எடுத்துக்கொண்டு போனது.

நேற்று ஸ்காபரோவிலிருந்து, வாங்குகிறவர்:
"நொத்தாரிசு ஐயா, கிழக்கெல்லையில
வள்ளியாத்தை எண்டு கிடக்கு. ஆர் அது?
அவவும் ஒப்பம் வைக்கவேணுமோ?"

பதிவகத்தில் இரண்டு நாள் தேடினேன்.
அவள் பெயரில் ஒரு துண்டும் இல்லை.
முந்தியதைப் பார்த்துப் பிந்தியவன் எழுத,
ஒன்பது உறுதியிலும்
அவள் அதே இடத்தில் நிற்கிறாள்.
இப்போது அங்கே கைபேசிக் கோபுரம்.

பத்தாவதை எழுதுகிறேன்.
வடக்கு, ஒழுங்கை.
கிழக்கு,
பேனை சற்றே நின்றது.
வள்ளியாத்தை பங்கு.